பெயர் உதிர்ந்த பெண்கள்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்து வருவோர் ஒன்றைக் கவனிக்கலாம். ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது; அவன் எந்தத் தலைவனின் சேவகன் என்பதையும் சொல்கிறது. பெண் நடுகல்லில் தோன்றுவது பெரும்பாலும் வீரனை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்லும் கன்னியாக, அல்லது கணவனோடு மாய்ந்த மனைவியாக. இத்தனைக்கும் இதே தகடூரை ஆண்ட அதியமானுக்குக் கல் நடப்பட்டதைப் புறநானூற்றில் பாடி வைத்தவர் ஔவையார்.

கட்டடக்கலை வரலாற்றிலும் பெண்ணின் நிலை இதுவே. தருமபுரிச் சிற்றூர்களின் பழைய மண்வீடுகளில் சுவர் பூசியதும் தரை மெழுகியதும் ஆண்டுதோறும் அவற்றைப் புதுப்பித்ததும் பெண்களே. அவ்வூர்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் குடும்பங்களிலும் பெண்கள் பாதிப் பாரத்தைச் சுமக்கிறார்கள். ஆயினும் இருபது ஆண்டுகள் உழைத்த பின்னும் அவள் ‘சித்தாள்’தான். உடன் வேலைக்குச் சேர்ந்த ஆண் கொத்தனாராகி மேஸ்திரியாகவும் ஆகிவிடுகிறார். வரலாறு எழுதப்படும் முன்பே நம் சொல்வழக்கு அவளுடைய இடத்தை முடிவு செய்துவிடுகிறது.

இஸ்லாமிய மரபு இது குறித்து என்ன சான்று தருகிறது? ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. மஸ்ஜிதுந் நபவியில் நபி (ஸல்) அவர்கள் அமர்ந்து உரையாற்ற மிம்பர் ஒன்றைத் தம் அடிமையான தச்சரைக் கொண்டு செய்து தரலாமா என்று அன்சாரிப் பெண்மணி ஒருவர் கேட்டதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களே அப்பெண்ணுக்குச் சொல்லியனுப்பியதாக ஸஹ்ல் (ரலி) அறிவிக்கிறார்கள். அவருடைய பெயரை ஸஹ்ல் கூறினார் என்ற குறிப்பும் அந்த அறிவிப்பில் உண்டு. ஆனால் நம் கைக்கு வந்து சேரும்போது ‘இன்னார்’ என்ற சொல்லே எஞ்சியிருக்கிறது. செயல் நிலைத்தது, பெயர் வழியில் உதிர்ந்துவிட்டது.

உதிர்ந்த பெயர்களைத் தேடுவது கடமை. அத்தேடலில் நாம் செய்யும் பிழை ஒன்றையும் சுட்டியாக வேண்டும். பெண்களின் பங்கைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் முதலில் வருவது ஃபாத்திமா அல்ஃபிஹ்ரியின் பெயர். 859ஆம் ஆண்டு ஃபாஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசலை நிறுவியவர் அவர் என்கிறோம். இச்செய்தியின் முதன்மை மூலம் இப்னு அபீ ஸர்உ 14ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாறு. இடையில் ஏறத்தாழ 5 நூற்றாண்டுகள் கழிந்திருக்கின்றன. பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது வெளிப்பட்ட மரக் கல்வெட்டோ ஹிஜ்ரி 263ஐயும் (கி.பி. 877) தாவூத் இப்னு இத்ரீஸின் பெயரையும் சொல்கிறது. இதைக் கொண்டு ஃபாத்திமாவின் செய்தி முற்றிலும் கற்பனை என்று தீர்ப்புரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஐயத்துக்குரிய ஒரு செய்தியின் மீது பெண்களின் வரலாறு முழுவதையும் ஏற்றி வைத்தால், அது சரியும் நாளில் உறுதியான செய்திகளும் சேர்ந்து சரியும். ஹதீஸுக்கு அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் சமுதாயம் வரலாற்றுக்கு மட்டும் அந்த அளவுகோலைக் கைவிடலாமா?

உறுதியான சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. டெல்லி பழைய கோட்டைக்கு எதிரே, 1561ஐ ஒட்டி எழுந்த கைருல் மனாஸில் பள்ளிவாசலின் கல்வெட்டு அக்பரின் செவிலித்தாய் மாஹம் அனகாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதனுள் மதரஸாவும் இருந்தது. ஆக்ராவின் ஜாமிஆ மஸ்ஜித் ஷாஜஹானின் மகள் ஜஹனாரா 1648இல் கட்டி முடித்தது. பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது என்ற ஷரீஅத்தின் விதி இத்தகைய கொடைகளுக்கு அடிப்படையாயிற்று. உமர் (ரலி) அவர்கள் தம் வக்ஃபின் நிர்வாகத்தைத் தமக்குப் பின் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளது.

எனினும் பொருள் தந்தவர் வேறு, வடிவமைத்தவர் வேறு, கல்லும் மண்ணும் சுமந்தவர் வேறு. மூவரையும் ஒன்றாக்கி, ‘பெண்கள் கட்டினார்கள்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது ஆய்வாகாது. அரசகுலப் பெண்களின் பெயர் எஞ்சியதற்குக் காரணம் அவர்களிடம் செல்வமும் கல்வெட்டும் இருந்தமையே. வடிவமைத்த பெண்ணின் பெயர் ஐயமின்றிப் பதிவாவது நம் காலத்தில்தான். கரவிய்யீன் நூலகத்தைச் சீரமைக்கும் பணி 2012இல் அஸீஸா ஷவ்னி என்ற பெண் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு டாக்காவில் நிறைவுற்ற பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலை வடிவமைத்தவர் மரீனா தபஸ்ஸும். நிலத்தைத் தந்தவர் அவருடைய பாட்டி. குவிமாடமும் மினாராவும் இன்றிச் செங்கல்லையும் ஒளியையும் கொண்டே அமைந்த அப்பள்ளி 2016இல் ஆகா கான் விருது பெற்றது. பாட்டியின் கொடையும் பேத்தியின் கலையும் அங்கே தனித்தனியாகப் பதிவாகியுள்ளன. வரலாறு எழுதும் முறைக்கு அதுவே எடுத்துக்காட்டு.

நம் மஹல்லாக்களுக்குத் திரும்புவோம். பள்ளிவாசல் திறப்பு விழா மலர்களில் முத்தவல்லிகளின் படங்களும் நன்கொடையாளர் பட்டியலும் இருக்கும். நகையை விற்றுத் தந்த பெண்கள் அப்பட்டியலில் ‘இன்னாரின் மனைவி’ ஆகிவிடுவார்கள். சித்தாள்களுக்கு அந்த வரியும் கிடைப்பதில்லை. தருமபுரியிலோ வேறெங்கோ இனி ஒரு பள்ளிவாசல் எழும்பும்போது, பணியாளர் வருகைப் பதிவேட்டையும் வக்ஃபுப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாக்கலாமே. தந்தவர், வடிவமைத்தவர், சுமந்தவர் என மூன்று வரிசையில் பெயர்களை எழுதி வைக்க ஒரு குறிப்பேடு போதும். மிம்பரை அளித்த பெண்மணியின் பெயரை நம்மால் மீட்க இயலாமற் போகலாம். நம் கண்முன் கல் சுமப்பவளின் பெயரை அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ள இயலும்.