கொல்லிமலை நாடுகளும் வரலாற்றாராய்ச்சியும்

சங்கச் சான்றோராற் பாடப்பெற்றதும் தேவார ஆசிரியர் திருவாக்கில் இடம்பெற்றதுமாகிய கொல்லிமலையைப் பற்றி எழுந்த நூல்கள் பல. ஆயினும் அவை மூன்று நெறியாய்ப் பிரிந்து, ஒன்றையொன்று நோக்காது செல்கின்றன.

முதலாவது இலக்கிய நெறி. 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதன்பின் ஏனைத் தொகைநூல்களும் அச்சேற, வல்வில் ஓரியின் கொடையும், திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்கு ஈந்தமையும் அறிஞரால் ஆராயப்பட்டன. ஆனால் இவ்வாராய்ச்சி ஓரியோடு தொடங்கி ஓரியோடே முடிகின்றது. தொகைநூல்கள் கூறும் கொல்லிப்பாவையை இக்காலத்து எட்டுக்கை அம்மனே எனத் துணிவாரும் உளர். இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்குச் சான்று காட்டாது அங்ஙனம் துணிதல் பக்தியாகலாம், வரலாறாகாது.

இரண்டாவது ஆட்சியாளர் நெறி. தர்ஸ்டன் 1909-இலும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட விவரநூலிலும் மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்களை விவரித்தனர். அம்மக்களின் முன்னோர் காஞ்சியினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் என்னும் செவிவழிச் செய்தியைப் பின்வந்தோர் பலர் ஆராயாமலே எடுத்தெழுதுகின்றனர்.

மூன்றாவது கல்வெட்டு நெறி. 1973-இல் வெளிவந்த சுப்பராயலு அவர்களின் நூல், சோழமண்டலத்து நாடுகள் உழவர் ஊர்களின் தொகுதிகளே எனக் கல்வெட்டுக்கொண்டு நிறுவியது. கொல்லிமலைமேலும் ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என அச்சொல் இன்றும் வழங்குகின்றது. இது பழைய நாட்டுப் பிரிவின் எச்சமோ, குடியேறினார் தாமே வகுத்ததோ என்பதன்றோ முதற்கண் ஆராயற்பாலது! ஆலத்தூர் நாடோ பெரும்பாலும் ஊராட்சிப் பட்டியலில் ஒரு பெயராய் நின்றுவிடுகின்றது.

சைவ எழுத்தாளரும் இக்குறைக்கு விலக்கல்லர். வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் திருக்கோயில் தேவார வைப்புத்தலமாகும். திருஞானசம்பந்தர் அறப்பள்ளி என்றார். திருநாவுக்கரசர் கொல்லிக் குளிரறைப்பள்ளி என்றார். அறம் என்பதும் பாறையைக் குறிக்கும் அறை என்பதும் வேறு பொருளன. இவ்விரு பெயரும் ஓரிடத்தனவே என்று கொள்வோர் இவ்வேறுபாட்டிற்கு அமைதி கூறுதல் வேண்டும். அங்ஙனம் கூறாது, ஏழாம் நூற்றாண்டினின்று அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடிய பதினெட்டாம் நூற்றாண்டிற்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றனர். இடையில் அம்மலையிற் பூசை நடத்தியோர் யாவர், எந்நாட்டார்க்கு என்ன முறைமை இருந்தது என்பனவற்றைக் கேட்பாரிலர். இறைவன் புகழுரைக்குப் பிழையான வரலாறு துணையாதல் வேண்டுவதின்று.

ஆகவே செயற்பாலது யாது? நாடு ஒவ்வொன்றிலும் முதியோர் கூறும் குடிவழிச் செய்திகள், கோயிற் காணிமுறைகள், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொண்டு, கல்வெட்டோடும் இலக்கியத்தோடும் ஒப்புநோக்குதலேயாம். ஏட்டிலேறாத இச்செய்திகள் முதியோரோடு மறைவன. கல்வெட்டோ நாளையும் இருக்கும். அவர்தம் நினைவு இராது.

அறுத்துச் சமைக்கப்பட்ட மீன் மீளப் பொருந்தி ஐயாற்று நீரில் ஓடிற்றென்பது அத்தலத்து ஐதிகம். மலையின் வரலாறும் இன்று துண்டுபட்டே கிடக்கின்றது. அதனைப் பொருத்துதல் அறிஞர் கடன். அதற்குத் திருவருள் துணைநிற்பதாக.