எஸ். பாலச்சந்தரின் திகில் படங்கள்: ஒரு மதிப்பீடு

எஸ். பாலச்சந்தர் (1927–1990) தமிழில் குற்றப் படங்களையும் திகில் படங்களையும் எடுத்த முன்னோடி இயக்குநர். நடிகர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர், வீணைக் கலைஞர் எனப் பல துறைகளில் இயங்கியவர். 'அந்த நாள்' (1954), 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) ஆகியவை இவ்வகையில் இவர் பெயர் சொல்லும் படங்கள்.

பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தவர் என்ற ஒரு வரியோடு பொது அறிவு வினா விடைகள் இவரை முடித்துவிடுகின்றன. அந்த வரி, அவர் எதை விட்டுவிட்டார் என்று சொல்கிறதே தவிர, அவர் என்ன செய்தார் என்று சொல்லவில்லை. ஒரு வீடு, சில மனிதர்கள், ஓர் ஐயம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்வையாளரை அச்சப்படுத்தலாம் என்று அவர் காட்டினார். கையில் பணம் குறைவாக இருந்ததை ஒரு கலை முறையாகவே மாற்றிக்கொண்டார். இக்கட்டுரை அந்த முறையை ஆராய்கிறது. படங்களை இனிமேல் பார்க்க இருப்பவர்களுக்காகக் கொலையாளி யார் என்பது எங்கும் சொல்லப்படவில்லை.

பெயர்க் குழப்பம்

திருவாரூர்ப் பகுதியில் 'பாலச்சந்தர்' என்றால் எல்லோரும் நினைப்பது கே. பாலசந்தரைத்தான். அவர் 1930இல் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர். முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். இக்கட்டுரை பேசும் எஸ். பாலச்சந்தர் வேறொருவர். சென்னையில் பிறந்த இவரை இசை உலகம் 'வீணை பாலச்சந்தர்' என்று அழைத்தது. வகுப்பில் 'அந்த நாள்' படத்தை எடுத்தவர் யார் என்று நான் கேட்டபோதெல்லாம் பாதிப் பேராவது கே. பாலசந்தரையே சொன்னார்கள். மாணவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

வாழ்க்கைச் சுருக்கம்

பாலச்சந்தர் கலைக் குடும்பத்தில் பிறந்தார். 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் குடும்பத்தினரோடு சிறுவனாகத் தோன்றினார். அண்ணன் எஸ். ராஜம் பின்னாளில் ஓவியராகவும் இசைக் கலைஞராகவும் புகழ்பெற்றார். பாலச்சந்தர் குரு என்று எவரிடமும் முறையாகப் பயிலாமல் தாமே வீணை கற்றவர்.

'இது நிஜமா' (1948) படத்தில் இரட்டை வேடத்தில் நடித்து இசையும் அமைத்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' படத்தை இயக்கினார். பின்னர் ஜூபிடர் நிறுவனத்துக்காக 'கைதி' (1951), ஏவி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்', தெலுங்கில் 'ஏதி நிஜம்' (1956) ஆகியவற்றை இயக்கினார். 1960களில் சொந்தத் தயாரிப்பில் இறங்கினார். 'நடு இரவில்' படத்துக்குப் பிறகு திரைப்படம் இயக்கவில்லை. முழுக் கவனத்தையும் வீணையின் பக்கம் திருப்பினார். 1982இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.

அந்த நாள்: தீர்ப்பு சொல்லும் பார்வையாளர்

இரண்டாம் உலகப் போரின்போது 1943 அக்டோபர் 11 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைமீது குண்டு வீசியது. அந்த நாள்களின் அச்சமே படத்தின் பின்னணி. 1942இல் பட்டணத்தைக் காலி செய்துகொண்டு வந்த உறவினர்களுக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். படம் வெளிவந்தபோது அந்த அச்சம் பலருக்கு இன்னும் மறக்காத ஒன்றாகவே இருந்திருக்கும்.

வானொலிப் பொறியாளன் ராஜன் (சிவாஜி கணேசன்) படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு நடனக்காரி ஆகியோரைத் துப்பறியும் அதிகாரி (ஜாவர் சீதாராமன்) விசாரிக்கிறார். ஆளுக்கொரு கதை வெளிவருகிறது. பழி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது. 'பராசக்தி' வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படிப்பட்ட நடிகரை முதல் காட்சியிலேயே பிணமாக்கி, போகப் போக அவன் நாட்டையே விற்றவன் என்று காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இந்தப் படத்தை அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தோடு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் 'ரஷோமோன்' நடந்தது ஒன்றையே பலர் பலவிதமாகச் சொல்லும் படம். உண்மை என்ன என்பது கடைசிவரை உறுதியாவதில்லை. பிரிட்டிஷ் இயக்குநர் அந்தோனி ஆஸ்க்வித் எடுத்த 'தி உமன் இன் கொஸ்டின்' (1950) இதற்கு இன்னும் நெருக்கமானது. அதில் கொலையான பெண்ணைப் பற்றி ஐந்து பேர் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அவள் ஒவ்வொரு பெண்ணாக உருமாறுகிறாள். 'அந்த நாள்' படத்திலும் செத்தவன் மற்றவர்களின் சொற்களால்தான் உருவாகிறான்.

தழுவல் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. ராஜன் பிறவியிலேயே கெட்டவன் அல்லன். ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவான வானொலிப் பெட்டி செய்ய விரும்பியவன். அவனுடைய திட்டத்தை ஆதரிக்க எவரும் இல்லை. திறமைக்கு மதிப்பில்லாத நாட்டுக்கு நான் ஏன் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கசப்பிலிருந்து அவனது துரோகம் பிறக்கிறது. இந்தக் கேள்வி ஜப்பானிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்ததல்ல. விடுதலை பெற்று ஏழாண்டுகளே ஆகியிருந்த நாட்டில், படித்துவிட்டு வேலை தேடிய இளைஞர்களின் கேள்வி அது.

பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாததன் பயன் இங்கேதான் தெரிகிறது. பாட்டு வந்தால் பார்வையாளர் ஓய்வெடுப்பார். ஓய்வு கிடைக்காதவர் யோசித்தே ஆக வேண்டும். படம் முதலில் வெளிவந்தபோது மக்கள் பெரிதாக வரவேற்கவில்லை. மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகே கவனம் பெற்றது.

பொம்மை: வெடிகுண்டும் ஒரு கடிகாரமும்

'அந்த நாள்' பெரிய நிறுவனத்தின் படம். 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' ஆகியவை பாலச்சந்தர் தாமே தயாரித்து, இயக்கி, நடித்து, இசையமைத்தவை. ஒருவரே இத்தனை வேலைகளைச் செய்ததற்கு ஆர்வம் மட்டும் காரணமல்ல, செலவும் ஒரு காரணம் என்றே கருதத் தோன்றுகிறது.

ஒருவரைக் கொல்வதற்காகப் பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள். பொம்மை போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஊரெல்லாம் கைமாறுகிறது. கதை இவ்வளவுதான். திகிலுக்கும் திடுக்கிடலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இப்படி விளக்கினார்: மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குச் சில விநாடிகள் அதிர்ச்சி. குண்டு இருப்பது அவருக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் பல நிமிடங்கள் பதற்றம். 'பொம்மை' இந்தப் பாடத்தின் தமிழ்ப் பயிற்சி. எல்லாக் காட்சிகளிலும் நமக்கு மட்டும் தெரிந்த ஒன்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கிறது.

ஹிட்ச்காக்கின் 'சபோட்டேஜ்' (1936) படத்தில் குண்டு இருப்பது தெரியாமல் சுமந்து செல்லும் சிறுவன் இறந்துவிடுகிறான். அது தாம் செய்த தவறு என்று ஹிட்ச்காக் பின்னர் சொன்னார். பாலச்சந்தரின் குண்டும் எளிய மக்களின் கைகளில்தான் சுற்றுகிறது. அந்தப் பயணத்தில் ஒரு நகரத்தின் பல படிகளையும் நாம் பார்த்துவிடுகிறோம். கே.ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரைக்குப் பாடிய தொடக்கப் பாடல் இந்தப் படத்தில்தான் இடம்பெற்றது. முடிவில் நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் இயக்குநரே திரையில் அறிமுகம் செய்துவைப்பார். உடன் உழைத்தவர்களுக்கு அவர் தந்த மரியாதை அது.

இதே 1964இல் 'புதிய பறவை' வந்தது. அதன் மூலக்கதை, 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' (1958) என்ற பிரிட்டிஷ் படத்திலிருந்து வங்காளத்தின் 'சேஷ் அங்கா' வழியாகத் தமிழுக்கு வந்தது. வண்ணம், சிவாஜி, சரோஜாதேவி, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை என எல்லாம் நிறைந்த படம். 'பொம்மை' கறுப்பு வெள்ளை. அதன் நாயகன் ஒரு பொம்மை. ஒரே ஆண்டில் தமிழ்த் திகிலுக்கு இரண்டு பாதைகள் திறந்திருந்தன. திரையுலகம் முதல் பாதையில் போயிற்று.

நடு இரவில்: அந்நியர் உறவினரான கதை

அகதா கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட நாவலில், ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் ஒரு தீவு மாளிகைக்கு அழைக்கப்பட்டு ஒவ்வொருவராக இறக்கிறார்கள். 'நடு இரவில்' படத்துக்கு அதுவே மூலம். படம் எடுத்து முடிந்தும் வெளியிட ஆள் கிடைக்காமல் சில ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்து, 1970இல் வந்தது.

பாலச்சந்தர் செய்த முக்கியமான மாற்றம், அந்நியர்களை உறவினர்களாக ஆக்கியது. சாவை எதிர்நோக்கியிருக்கும் செல்வர் தயானந்தத்தின் (மேஜர் சுந்தரராஜன்) வீட்டில் உறவினர்கள் கூடுகிறார்கள். அவர் மனைவி பொன்னி (பண்டரிபாய்) மனநிலை பாதிக்கப்பட்டவர். குடும்ப நண்பரான மருத்துவராகப் பாலச்சந்தர் நடித்தார். கிறிஸ்டியின் கதையில் அச்சம், எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாததால் வருகிறது. இங்கே அவரை நன்றாகத் தெரிந்திருப்பதால் வருகிறது. வயல் வரப்புக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனையோ பேர். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பங்கைக் கணக்கிடும் பங்காளிகளை அறிந்தவருக்கு இந்தப் படம் வெளிநாட்டுக் கதையாகத் தோன்றாது.

நான் பள்ளியில் படித்தபோது திருவாரூரை அடுத்த ஒரு டூரிங் கொட்டகையில் இதைப் பார்த்தேன். ஒரே ஒரு புரொஜெக்டர்; ஆகவே ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். விளக்கு எரிந்ததும் மணல் தரையில் ஒரு வழக்காடு மன்றம் கூடும். இவன்தான், இல்லை அவள்தான் என்று தரை டிக்கெட்டுக்கும் பெஞ்சு டிக்கெட்டுக்கும் வாதம் நடக்கும். அடுத்த ரீலில் ஒருவர் சந்தேகப்பட்ட ஆளே பிணமாகக் கிடந்தால் கொட்டகை முழுவதும் சிரிக்கும், உடனே அடங்கும். அந்த இரவு ஓடம்போக்கிக் கரையோரம் நாங்கள் நால்வர் பேசாமல் வீடு வந்து சேர்ந்தோம். படத்தில் பேய் எதுவும் கிடையாது. ஆனாலும் பயம் கூடவே வந்தது. அதற்கான காரணத்தை யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

சிக்கனமும் ஓசையும்

பேய்ப் படத்துக்கு ஒப்பனையும் தந்திரக் காட்சியும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். ஐயத்துக்குச் செலவில்லை. ஒரு முகத்தைச் சற்று நேரம் கூடுதலாகக் காட்டினால் போதும். அந்த ஆள்மீது ஐயம் வந்துவிடும். வீட்டின் மாடிப்படி, மூடிய கதவு, விளக்கு எட்டாத மூலை ஆகியவை பாலச்சந்தருக்குப் போதுமானவையாக இருந்தன.

இன்னொரு கருவி ஓசை. வீணை வாசிப்பவருக்கு, மீட்டியபின் நாதம் கரையும் நேரமும் இசைதான் என்பது தெரியும். இவர் படங்களில் பின்னணி இசை நிற்கும் இடங்களை மாணவர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். காலடி, கடிகாரம், கதவு ஆகியவற்றின் ஓசை அந்த வெற்றிடத்தில் பெரிதாகிறது. முத்துசுவாமி தீட்சிதர் பிறந்த இந்த ஊரில் பாலச்சந்தரை வீணைக்காக மட்டும் போற்றுவோர் உண்டு. திரைப்படத்தை அவருடைய இளமைக் கால விளையாட்டு என்பார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்து. மௌனத்தை எவ்வளவு நேரம் நீட்டலாம் என்ற அளவு அவருக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

குறைகள்

புகழுரை மட்டும் மதிப்பீடு ஆகாது. முதலாவது குறை, முடிவில் வரும் நீண்ட விளக்கம். பார்வையாளரின் அறிவை நம்பித் தொடங்கும் படம், இறுதியில் அவருக்குப் பாடம் நடத்துகிறது. இரண்டாவது, 'நடு இரவில்' படத்தின் நகைச்சுவைப் பகுதிகள். சோவும் சதனும் சிரிக்க வைக்கிறார்கள். ஆனால் இறுக்கம் தளர்கிறது. பாட்டை வேண்டாம் என்றவர் நகைச்சுவையை விட முடியவில்லை.

மூன்றாவது குறை பெரியது. பொன்னியின் மனநோயை அச்சமூட்டும் பொருளாக இயக்குநர் பயன்படுத்துகிறார். அவள் தோன்றினாலே நாம் நடுங்க வேண்டும் என்று கேமரா எதிர்பார்க்கிறது. பண்டரிபாயின் நடிப்பு அவள்மீது இரக்கம் வரச் செய்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த இரக்கத்தைப் படம் போதிய அளவு மதிக்கவில்லை. இன்றைய மாணவர்கள் இதைக் கேள்வி கேட்காமல் பார்க்கக் கூடாது.

தொடராமல் போனது ஏன்?

இங்கிலாந்தின் பீட் வாக்கர் என்ற இயக்குநரோடு ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். 1970களில் அவர் சிறு தொகையில், தாமே தயாரித்து, குற்றமும் திகிலும் கலந்த படங்களை எடுத்தார். 'ஹவுஸ் ஆஃப் விப்கார்ட்', 'ஃப்ரைட்மேர்' இரண்டும் 1974இல் வந்தவை. அவற்றிலும் பயம் பேயிடமிருந்து வருவதில்லை. மரியாதைக்குரிய பெரியவர்களிடமிருந்தும் குடும்பத்திடமிருந்தும் வருகிறது. 1983க்குப் பிறகு அவரும் படம் இயக்குவதை நிறுத்திவிட்டுத் திரையரங்குத் தொழிலுக்குப் போனார். தம் கைப்பணத்தைப் போட்டு இவ்வகைப் படம் எடுப்பவருக்கு வேறொரு பிழைப்பும் வேண்டியிருக்கிறது. பாலச்சந்தருக்கு வீணை இருந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குறைந்த செலவுத் திகில் படத்துக்கு இங்கிலாந்தில் ஒரு சந்தை இருந்தது. வாக்கருக்கு முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்கள். தமிழில் விநியோகஸ்தர் நட்சத்திரத்தையும் பாட்டையும் கேட்டார். முடிந்த படம் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால் அடுத்த படத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

முடிவுரை

பாலச்சந்தர் தமிழில் ஒரு பள்ளியை உருவாக்கவில்லை; ஒரு சான்றை விட்டுச்சென்றார். நட்சத்திர ஒளி இல்லாமலும், பணத்தைக் கொட்டாமலும், பார்வையாளரைச் சிந்திக்கும் மனிதராக மதித்துப் படம் எடுக்க முடியும் என்பதே அந்தச் சான்று. இன்று கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களிடம் இருப்பதும் ஒரு வீடும் நாலு நண்பர்களும்தானே? 'அந்த நாள்' படத்தை ஒருமுறை கதைக்காகப் பாருங்கள். பிறகு 'நடு இரவில்' படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். எதை விட்டார் என்பதைவிட எதைச் செய்தார் என்பது அப்போது தெரியும்.