நொன்மால்ட்டின் தூதன்: ஓர் அங்கமும் அதுபற்றிய வாதமும்

சிறுவர்களுக்கென ஆக்கப்பெற்ற தொலைக்காட்சித் தொடரொன்றின் தனி அங்கம், ஒளிபரப்பாகி அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் வளர்ந்தோரிடையே தீராத வாதப்பொருளாக நிற்பது பெருவழக்கன்று. யப்பானிய 'அல்ட்ராசெவன்' தொடரின் 42ஆவது அங்கமான 'நொன்மால்ட்டின் தூதன்' அத்தகைய நிலையைப் பெற்றுள்ளது. 1968ஆம் ஆண்டு யூலை 21ஆந் திகதி, ஞாயிறு மாலை 7 மணிக்கு, ரி.பி.எஸ். நிலையம் இதனை ஒளிபரப்பிற்று. எழுதியவர் கின்ஜோ தெற்சுவோ. நெறிப்படுத்தியவர் மிற்சுதா கசுஹோ. இராட்சத விலங்கும் அதனை வெட்டி வீழ்த்தும் விண்வெளி வீரனும் தோன்றி மறையும் ஒரு தொடரிலே இவ்வங்கம் ஏன் இத்துணை விவாதத்துக்கு உரியதாயிற்று என்பதும், அவ்விவாதம் எங்கே படைப்பை விளக்குகின்றது, எங்கே அதனை விட்டு விலகுகின்றது என்பதும் ஆராயத்தக்கன.

தொடரின் அடிப்படை எளிது. 1967 ஒக்ரோபர் முதல் 1968 செப்ரெம்பர் வரை 49 அங்கங்களாக வெளிவந்த இதில், பூமியைக் கைப்பற்ற வரும் வேற்றுலகத்தாரை அல்ட்ரா காவற்படை எதிர்த்து நிற்கும். படையினருள் ஒருவனான மொரொபொஷி டான் உண்மையில் எம்-78 என்னும் தொலைதூர விண்முகிலிலிருந்து வந்தவன். ஆபத்து முற்றும்போது அல்ட்ராசெவனாக உருமாறுவான். படைக்கலப் போட்டியைச் சாடும் 26ஆவது அங்கம் போன்ற விலக்குகள் உளவாயினும், வெளியிலிருந்து வருபவர் ஆக்கிரமிப்பாளர், உள்ளே இருப்பவர் காப்போர் என்பதே பெரும்பாலான வாரங்களின் நியதி. பூமி மனிதருக்கு உரியதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் எழுவதில்லை.

இவ்வங்கத்திலே அதனைக் கேட்பவன் ஒரு சிறுவன். விடுமுறையைக் கழிக்கக் கடற்கரைக்கு வந்திருக்கும் காவற்படைப் பெண் அன்னுவிடம், கடலடியை அகழ்ந்து பயன்கொள்ளும் முயற்சியை நிறுத்தும்படி ஷினிச்சி என்னும் அச்சிறுவன் எச்சரிக்கின்றான். சற்று நேரத்தில் கடலடி ஆய்வுக் கப்பல் வெடித்துச் சிதறுகின்றது. கடலின் அடியிலே நொன்மால்ட் எனப்படுவோர் வாழ்கின்றனர். மனிதர் தோன்றுமுன் பூமியில் வாழ்ந்தோர் அவர்களே. மனிதரே பின்னர் வந்து அவர்களைக் கடலுக்குள் துரத்தினர். இப்போது கடலையும் பறிக்க வருகின்றனர் என்பது சிறுவன் கூற்று. அன்னுவோ, தான் மனிதப் பிறவியாதலின் மனிதர் பக்கமே நிற்பதாகச் சொல்கின்றாள். இதற்கிடையிற் கைப்பற்றப்பட்ட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலொன்று கரையைத் தாக்குகின்றது. கைரோஸ் என்னும் பல கைகளையுடைய இராட்சத விலங்கும் எழுகின்றது. டான், போரிட்டே ஆகவேண்டியவனாய் உள்ள தன் நிலையைச் சிறுவனை விளித்துச் சொல்லிவிட்டு அல்ட்ராசெவனாக மாறி அவ்விலங்கை வெட்டி வீழ்த்துகின்றான். வழக்கமான அங்கமாயின் கதை இத்துடன் முடிந்திருக்கும்.

முடியவில்லை. காவற்படைத் தலைவர் கிரியாமா, நீர்மூழ்கியை அழித்த பின்னர், கடலடியிலே ஒரு நகரத்தைக் காண்கின்றார். நகாயாமா ஷோஜியின் நடிப்பிலே இக்கணம் மிகக் குறுகியது. எனினும் அதிலே ஒரு தயக்கம் உண்டு. இவர்கள் உண்மையிலேயே தமக்கு முன்னிருந்த பூமியின் மாந்தரோ என்ற எண்ணம் அவருள் எழுகின்றது. அவ்வாறிருக்க முடியாது என்று தாமே அதனைத் தள்ளிவிடுகின்றார். பிறகு நகரம் முழுவதும் அழிக்கப்படுகின்றது. வெற்றி என்றும், கடலடியும் இனி மனிதருக்கே உரியது என்றும் மகிழ்ச்சியோடு முழங்குகின்றார். நொன்மால்ட் மக்கள் உண்மையிற் பூமியின் முதற்குடிகளா என்பது, யாவும் அழிந்துபோன நிலையில் இனி என்றும் விடைகாண முடியாத புதிராயிற்று என்ற கருத்துப்பட அங்கத்தின் இறுதியிற் கதைசொல்லியின் குரல் கூறுகின்றது.

1970களின் பிற்பகுதியில், இத்தொடரைச் சிறுவராய்ப் பார்த்த தலைமுறை வளர்ந்து அதனைப்பற்றி எழுதவும் தொகுக்கவும் தொடங்கிற்று. அன்றிலிருந்து இரசிகரிடையே நடந்துவரும் வாதத்தில் ஒரு சாரார் ஷினிச்சியின் கூற்றை அப்படியே ஏற்பர். நொன்மால்ட் என்ற பெயரே போர்க்கடவுளின் பெயரோடு எதிர்மறை சேர்ந்து பிறந்தது என்றும், ஆகவே அம்மக்கள் போரை விரும்பாதவர் என்றும் இவர்களுட் சிலர் சொல்வர். மறுசாரார் இதனை ஐயுறுவர். இத்தொடரிலே வேற்றுலகத்தார் பொய்யுரைத்து ஏமாற்றுவது புதிதன்று. முதலிற் கப்பலை வெடிக்கச் செய்தோரும் நீர்மூழ்கியைக் களவாடிக் கரையைச் சுட்டோரும் நொன்மால்ட் மக்களே. இறந்துபோன சிறுவனொருவனின் உருவைக் கருவியாக்கி மனிதரின் மனத்தைக் கலைக்கும் சூழ்ச்சியாகவும் இது இருக்கலாம் என்பது இவர்கள் வாதம். பெயராராய்ச்சி செய்வோரைவிட இவர்கள் திரையில் நிகழ்வதை ஊன்றிப் பார்த்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நொன்மால்ட் மக்கள் சாதுக்களாகக் காட்டப்படவில்லை. அவர்கள் கொல்கின்றனர்.

ஆயினும் இரு சாராரும் தம்மை அறியாமலே ஒரே தவற்றைச் செய்கின்றனர். முதலில் வந்தவர் யார் என்ற வினாவுக்கு விடை கிடைத்தால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று இருவரும் நம்புகின்றனர். சிறுவன் சொன்னது மெய்யாயின் கிரியாமா குற்றவாளி. பொய்யாயின் அவர் கடமை செய்தவர். கின்ஜோவின் கதை இவ்வாறு அமைக்கப்படவில்லை. கிரியாமாவுக்கு விடை தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். தயக்கம் அதனையே காட்டுகின்றது. அந்த அறியாமையை அவர் நிறுத்துவதற்குரிய காரணமாகக் கொள்ளாமல், தொடர்வதற்குரிய அனுமதியாகக் கொள்கின்றார். ஐயத்தின் பயன் முழுவதும் சுடுபவருக்கே வழங்கப்படுகின்றது. அதன் பின்னர் கதைசொல்லி கூறும் புதிர் இயற்கையாகத் தோன்றிய புதிரன்று, செய்யப்பட்ட புதிர். சான்று எங்கே என்று கேட்கும் இரசிகர், சான்றை அழித்தவரின் சொல்லையே தம் வினாவாக எடுத்துக்கொள்கின்றனர். நொன்மால்ட் மக்கள் இரண்டாவதாக வந்தவர்களே என்று வைத்துக்கொண்டாலும், சரணடையக் கேளாமல் ஒரு நகரம் அழிக்கப்பட்டமை அதனால் வேறொன்றாகி விடுவதில்லை.

இன்னொன்று பெரும்பாலும் கிரியாமாவின்மேற் பாயும் விவாதத்தில் நழுவிப் போகின்றது. சான்று முற்றாக இல்லாமலில்லை. டானின் தாயகமாகிய எம்-78இலே நொன்மால்ட் என்ற சொல் பூமியின் மாந்தரையே குறிக்கும். இதனை அவன் தனக்குள் நினைவுகூர்ந்து திகைக்கின்றான். கடலடியில் வாழ்வோர் அப்பெயரைத் தம் பெயராகக் கொண்டிருப்பின், சிறுவனின் கூற்றுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் ஒரே ஆதாரம் அதுவே. அதனை அறிந்தவன் அவன் ஒருவனே; அவன் அதனைத் தலைவரிடம் சொல்வதில்லை. சொன்னால் தான் யார் என்பதையும் சொல்லவேண்டிவரும் என்று அவனுக்காக வாதாடுவோர் உளர். பொருந்தும் வாதமே. ஆயின் அவ்வாதம் எங்கே கொண்டுசெல்கின்றது என்பது நோக்கற்பாலது. வேற்றிடத்திலிருந்து வந்த ஒருவன், இவ்விடத்தானாக வாழ்வதற்குரிய விலையாகத் தான் அறிந்ததை மறைக்கின்றான். அம்மறைப்பின் விலையைக் கடலடியில் உள்ளோர் செலுத்துகின்றனர். இதே கின்ஜோ எழுதிய இறுதி அங்கத்திலே, ஏழு வாரங்களின் பின்னர், டான் தன் உண்மையை அன்னுவிடம் வெளியிடுகின்றான். அவ்வெளிப்பாட்டின் உருக்கத்தைப் போற்றும் இரசிகர், அது இங்கே நிகழாமற் போனதையும் சேர்த்து எண்ணுவது தகும்.

ஒக்கினாவா பற்றிய விளக்கம் இவ்விடத்திலேதான் முக்கியத்துவம் பெறுகின்றது. கின்ஜோ 1938இல் ரோக்கியோவிற் பிறந்து ஒக்கினாவாவில் வளர்ந்தவர். 1945ஆம் ஆண்டுப் போரைச் சிறுவயதிற் கண்டவர். அப்போரில் அவருடைய தாயார் ஒரு காலை இழந்தார். 1609இல் சற்சுமாப் படையெடுப்புக்கு உட்பட்டு, 1879இல் யப்பானோடு இணைக்கப்பட்ட ரியூக்கியூ அரசின் தீவுகளே ஒக்கினாவா. இவ்வங்கம் ஒளிபரப்பான 1968இல் அது ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. யப்பானுக்குத் திரும்பியது 1972 மே 15இல். இவ்வளவையும் அறிந்த ஒருவர், கடலுக்குள் தள்ளப்பட்ட முதற்குடிகளின் கதையில் ஒக்கினாவாவைக் காண்பது இயல்பே. யமதா தெருகோவின் வரலாற்று நூலும் (1992), கிரிதோஷி ரிசாக்குவின் ஆய்வு நூலும் (1993) வெளிவந்த பின்னர் எழுத்தாளரின் பிறப்பிடத்தோடு சேர்த்தே இத்தொடரை வாசிக்கும் வழக்கம் வேரூன்றிற்று.

இவ்வாசிப்பு செழுமையானது, அதனாலேயே எச்சரிக்கையும் வேண்டுவது. அங்கத்திலே ஒக்கினாவா என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நொன்மால்ட் என்றால் ஒக்கினாவர், காவற்படை என்றால் யப்பானியர் என்று ஒன்றுக்கு ஒன்றாக நிரப்பிக்கொண்டு போனால் கணக்குத் தீர்ந்துவிடும், கதை மறைந்துவிடும். அவ்வாறு நிரப்புவோர் ஷினிச்சிக்கு எந்த இடத்தைக் கொடுப்பர்? அவன் நொன்மால்ட் அல்லன். மனிதச் சிறுவன். ஒரு பக்கத்தாரிடையே பிறந்து, மறுபக்கத்தாரின் துயரை இப்பக்கத்தாரின் மொழியிற் சொல்ல வந்தவன். தலைப்பும் நொன்மால்ட் மக்களைப் பற்றியதன்று, தூதனைப் பற்றியது. ஒக்கினாவாவிலிருந்து ரோக்கியோ வந்து, பெருந்தொகையான யப்பானியப் பிள்ளைகளுக்கு யப்பானிய மொழியிற் கதை சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் நிலைமைக்கு அண்மையில் நிற்பது கடலடி நகரமன்று, அத்தூதனே. பேச வாய்ப்பிருந்தும் பேசாத டான் அத்தூதனின் மறுபுறம். இருவரையும் ஒரே கையே எழுதியது.

பிற்கால நிகழ்ச்சிகள் இவ்வாசிப்பை மேலும் தூண்டுவன. கின்ஜோ 1969இல் தயாரிப்பு நிறுவனமாகிய சுபுராயாவை விட்டு ஒக்கினாவா திரும்பினார். 1975 யூலை 20 முதல் 1976 சனவரி 18 வரை அங்கே நடைபெற்ற சர்வதேசக் கடற் கண்காட்சியின் விழா நிகழ்ச்சிகளை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். கடலின் எதிர்காலத்தைப் பொருளாகக் கொண்ட கண்காட்சி அது. அது நிறைவுற்ற அடுத்த மாதம், பெப்ரவரி 26இல், வீட்டில் விழுந்து காயமுற்றதன் விளைவாக 37ஆவது வயதிற் காலமானார். கடலடி அபிவிருத்தியை நிறுத்தச் சொல்லும் சிறுவனை 1968இற் படைத்தவர் 1975இற் கடற் கண்காட்சிக்கு உழைத்தார் என்ற முரணை இரசிகர் திரும்பத் திரும்பச் சுட்டுவர். முரண் உண்மையே. ஆயின் ஏழாண்டுகளின் பின் நிகழ்ந்ததை முன்னறிவித்த நூலாக ஓர் அங்கத்தைப் படிப்பது விமரிசனமாகாது, சோதிடம்.

1999இல் வெளிவந்த ஒளிநாடா வரிசையின் இறுதிப் பகுதியாகிய 'நான் பூமியின் மாந்தன்' இதே விடயத்துக்கு மீண்டது. மனிதரே ஆக்கிரமிப்பாளராக வந்தனர் என்பதற்கான மறைக்கப்பட்ட ஆவணம் அதிலே வெளிப்படுகின்றது. ஷினிச்சியை நம்பியோர் இதனைத் தீர்ப்பாக வரவேற்றனர். துணிவான படைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் இது முன்னைய அங்கத்துக்கு நன்மை செய்ததா என்பது வேறு வினா. கோப்பு ஒன்று எங்கோ பாதுகாக்கப்பட்டிருந்தது என்றாகிவிட்டால், கிரியாமாவின் தவறு தகவற் குறைவாற் சுருங்கிவிடுகின்றது. 1968இன் கொடுமை, கோப்பு எதுவும் எஞ்சாமையிலேயே இருந்தது.

அன்னுவைப் பற்றி இவ்விவாதங்களிற் பேசப்படுவது குறைவு. நகரம் அழிந்து, வெற்றி முழங்கப்பட்ட பின்னரும், அவளுக்கும் டானுக்கும் சிறுவனின் குரல் கேட்கின்றது. குரலைத் தேடிச் செல்பவர்கள் கடற்கரையிலே ஒரு கல்லறையைக் காண்கின்றனர். அங்கிருக்கும் தாய், தன் மகன் ஷினிச்சி இரண்டு ஆண்டுகளுக்கு முன் இக்கடலில் இறந்துபோனான் என்கின்றாள். மனிதப் பிறவியாதலின் மனிதர் பக்கம் நிற்பதாகச் சொன்னவள், அச்சொல்லை யாரை நோக்கிச் சொன்னாளோ அவன் பெயர் பொறித்த கல்லின் முன்னே, அவன் தாயின் அருகில் நிற்கின்றாள்.