தேதி இல்லாத சதவீதம்: இயற்கை உரமும் தழைச்சத்துக் கணக்கும்

இயற்கை விவசாயக் கையேடு எதைப் புரட்டினாலும் நடுவில் ஓர் அட்டவணை இருக்கும். தொழு எரு 0.5 சதவீதம், மண்புழு உரம் 1.5, வேப்பம் புண்ணாக்கு 5, கடலைப் புண்ணாக்கு 7 என்று தழைச்சத்தை வரிசையாகப் போட்டிருப்பார்கள். எண்கள் ஏறக்குறைய சரிதான். அதை வைத்து யூரியா மூட்டைக்கு மாற்றுக் கணக்கு போடுவதில்தான் எனக்குச் சிக்கல்.

லால்குடிப் பக்கம் ஒரு ஏக்கர் சம்பா என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60. எரு ஹெக்டேருக்கு 12.5 டன், ஏக்கருக்கு 5 டன். 0.5 சதவீதத்தில் அது 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே சுமார் 21 கிலோதான். ஆக, எரு போட்டால் ஒரு மூட்டைக்கு மேல் மிச்சம் என்று கணக்கை முடித்துவிடலாம்.

சரி, அந்த 25 கிலோ எப்போ கிடைக்கும்? அட்டவணையில் பதில் இல்லை. எருவில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி கரிமப் பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாக மாற்றினால்தான் நெல் வேர் எடுக்கும். மட்கிய தொழு எரு முதல் போகத்தில் தருவது சுமார் கால் பங்கு, அதாவது 6 கிலோ. மீதி அடுத்தடுத்த போகங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். நெல்லோ தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் கேட்கிறது. ஃபிக்சட் டெபாசிட் ரசீதைக் காட்டி இந்த மாத மளிகை வாங்க முடியுமா?

வேகத்தைப் பெரும்பாலும் கார்பன்-நைட்ரஜன் விகிதம் தீர்மானிக்கிறது. 20-க்குக் கீழே இருந்தால் தழைச்சத்து வெளியே வரும். 30-க்கு மேலே போனால் நுண்ணுயிர்கள் தங்களுக்கே போதாமல் மண்ணில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். வைக்கோலுக்கு இந்த விகிதம் 60-க்கு மேல். அதனால்தான் வைக்கோல் கலந்த, அரைகுறையாக மட்கிய எரு போட்ட வயல் சில வாரம் வெளுத்து நிற்கிறது. இளசான தக்கைப்பூண்டை 45 நாளில் மடக்கி உழுதால் ஓரிரு வாரத்திலேயே கொடுக்க ஆரம்பிக்கும். விகிதம் குறைவாக இருந்தாலும் நன்கு மட்கிய உரம் மெதுவாகத்தான் தரும். எளிதில் சிதைவதெல்லாம் குவியலிலேயே சிதைந்து போயிருக்கும்.

இன்னொரு தரப்பு சுபாஷ் பாலேக்கருடையது. ஜீவாமிர்தம் உரமே இல்லை, நுண்ணுயிர்க் கரைசல் என்கிறார் அவர். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் வரை கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. தாராளமாகக் கணக்கிட்டாலும் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. சம்பா முழுக்க 10 தடவை விட்டாலும் 2.5 கிலோ. உரம் இல்லை என்று அவர் சொல்வது நியாயம்தான். அப்படின்னா பயிருக்கு வேண்டியது எங்கிருந்து வருது? காற்றிலிருந்து பிடித்துத் தர அவர் பயறு ஊடுபயிரையும் சொல்கிறார். தண்ணீர் நிற்கும் சம்பா வயலில் அது நடக்காது. நீலப்பச்சைப் பாசி கொஞ்சம் தரும். மீதி, மண்ணில் ஏற்கனவே இருக்கும் மட்கு கரைந்துதான் வரவேண்டும். முதல் வருஷம் பயிர் பச்சையாக நிற்பதை வைத்து முறை ஜெயித்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். சேமிப்பை எடுத்துச் செலவு செய்தாலும் முதல் வருஷம் வீடு நன்றாகத்தான் நடக்கும்.

பயிரை மாற்றினால் கணக்கும் மாறும். ஸ்ரீரங்கம் வட்டத்தில் ஜீயபுரம், முத்தரசநல்லூர் பக்கம் வாழை ஏறக்குறைய ஒரு வருஷம் நிலத்தில் நிற்கிறது. மெதுவாகத் தரும் எருவுக்கு அது தோதான பயிர். அதே எருவை நம்பி 110 நாள் குறுவையில் யூரியாவைச் சட்டென்று நிறுத்துபவருக்கு விளைச்சல் விழும். அவர் 'இயற்கை விவசாயமே ஏமாற்று' என்று திரும்பிவிடுவார். கையேடு எழுதுபவர்கள் யோசிக்க வேண்டிய இழப்பு இது.

சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி சேருங்கள்: கார்பன்-நைட்ரஜன் விகிதம் எவ்வளவு, முதல் போகத்தில் எத்தனை பங்கு கிடைக்கும். அதுவரை விவசாயிக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து 7-10 நாளுக்கு ஒரு தடவை இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால், எரு எத்தனை டன் போட்டிருந்தாலும் பயிருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.