பிறப்பெனும் தாழ்ப்பாள்

மக்களாட்சியின் தாயகம் எது என்று கேட்டால், பள்ளி மாணவனும் பட்டென்று விடை பகர்வான், ஏதென்ஸ் என்று! அந்த ஏதென்சின் பெருமைக்குச் சான்று எது என்று கேட்டால், கற்றோர் சுட்டுவது கி.மு. 431-ஆம் ஆண்டுப் போரில் மாண்ட வீரர்களை அடக்கம் செய்த நாளில் பெரிக்ளிஸ் நிகழ்த்திய இரங்கலுரை. அதனை ஏட்டில் ஏற்றித் தந்தவர் துசிடிடிஸ். தம் நூலில் உள்ள உரைகள் எல்லாம் நினைவில் நின்றதையும் இடத்துக்கு ஏற்றதையும் இணைத்து எழுதியவையே என்று அவரே கூறிவிட்டார். சொல் எவருடையதாயினும், ஏதென்ஸ் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பொன்முடி அது. பொன்னேயாயினும் உரைகல்லில் உரசிப் பார்ப்பது பகுத்தறிவாளர் கடன் அல்லவா?

ஆட்சி சிலர் கையிலன்று, பலர் கையில். வழக்கு மன்றத்தின் முன் அனைவரும் நிகர். வறுமை பதவிக்குத் தடையன்று. இதுவே உரையின் சாரம். வெறும் வாய்ப்பந்தல் என்று இதனை ஒதுக்கிவிட முடியுமா? முடியாது! கடனுக்காகக் குடிமகனை அடிமை கொள்ளும் கொடுமையைக் கி.மு. 594-இல் சோலன் ஒழித்தார். கி.மு. 508-இல் கிளைஸ்தனிஸ் மக்களைப் பத்துப் புதிய பிரிவுகளாக வகுத்தார். பிரிவுக்கு 50 பேராக, 500 பேர் கொண்ட ஆட்சிக்குழு அமைந்தது. பெரிக்ளிஸ் காலத்தில் அவர்களைத் தேர்ந்தது குலமன்று, செல்வமன்று, குலுக்கல்! ஆண்டுதோறும் 6,000 நடுவர்கள் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அன்றாடங்காய்ச்சியும் நடுவனாய் அமர்ந்திட, நடுவர்க்குக் கூலி வழங்கியவர் பெரிக்ளிஸ். போற்றுவோம், தயங்காமல் போற்றுவோம்!

ஆனால், 'அனைவரும்' என்றாரே, அந்த அனைவர் யார்?

பெண்களா? கணவரை இழந்து கலங்கி நின்ற மகளிர்க்கு உரையின் இறுதியில் ஓரிரு வரிகளே கிடைத்தன. ஆடவர் வாயில் அடிபடாதிருப்பதே அவர்தம் சிறப்பாம்! அடிமைகளா? லாரியம் சுரங்கத்தில் வெள்ளி வெட்டிய அடிமைக்கு இந்த உரையில் ஒரு சொல்லும் இல்லை. அடிமையின் வாக்கு வழக்கில் சான்றாக வேண்டுமெனில், அவனை வதைத்தே அதைப் பெறவேண்டும் என்பது அந்நகரின் முறை. குடியேறி வாழ்ந்த அயலாரா? நகரம் அவர்க்குத் திறந்தே கிடக்கிறது என்று பெருமிதம் கொள்கிறது உரை. ஆண்டுக்கு 12 திராக்மா வரி கட்டினர், படையிலும் பணிபுரிந்தனர். எனினும் அவர்க்கு வாக்கில்லை. நிலம் வாங்கும் உரிமையும் இல்லை.

இந்தச் சுவர் பழையது. ஆனால் அதன் வாயிலை மேலும் குறுக்கியவர் யார் தெரியுமா? உரையாற்றிய அதே பெரிக்ளிஸ்! தந்தை ஏதென்சார் என்றால் போதும் என்றிருந்த வழக்கை மாற்றி, தாயும் ஏதென்சார் மகளாக இருந்தாலன்றிக் குடியுரிமை இல்லை என்று கி.மு. 451-இல் சட்டம் செய்தார். சில ஆண்டுகளில், எகிப்திலிருந்து பரிசாக வந்த தானியத்தைப் பங்கிடும் வேளையில் பட்டியல் ஆராயப்பட்டது. 5,000-க்குச் சற்றுக் குறைவானோர் உரிமை இழந்து அடிமைகளாக விற்கப்பட்டனர் என்கிறார் புளூட்டார்க். எண்ணை ஐயுறுவோர் உளர். ஆயினும் பங்கு பெருகும்போது பங்காளியைக் குறைக்கும் மனம் அதில் தெரிகிறதே!

சட்டம் செய்தவரைச் சட்டமே சுட்டது. பெரிக்ளிஸ் உடன் வாழ்ந்த அஸ்பாசியா மிலேட்டஸ் நகரத்தவர். ஆகவே அவர் பெற்ற மகன் குடிமகன் அல்லன்! கொள்ளைநோயில் ஏனைய இரு மைந்தரையும் பறிகொடுத்த பெரிக்ளிஸ் மக்கள் முன் மன்றாடினார். மக்கள் இரங்கினர், மகனுக்கு உரிமை தந்தனர். தலைவர் வீட்டுக் கண்ணீருக்குக் கதவு திறந்தது; மற்றவர் கண்ணீருக்கு?

கொடுங்கோலர் முப்பதின்மரை எதிர்த்து எழுந்த மக்களாட்சிப் படைக்குப் பொருளும் கேடயமும் தந்தவர் லிசியாஸ், குடியேறிய குடும்பத்தவர். கி.மு. 403-இல் மக்களாட்சி மீண்டது. அவருக்கு அளிக்க முன்வந்த குடியுரிமையோ முறை தவறியது என்று நீக்கப்பட்டது. பெரிக்ளிசின் சட்டம் மட்டும் அவ்வாண்டே புத்துயிர் பெற்றது!

பிறப்பைச் சலித்துச் சலித்து எடுத்த அந்த அவை நீதியையேனும் காத்ததா? கி.மு. 406-இல், கடற்போரில் வென்ற தளபதிகள், புயலில் சிக்கியோரை மீட்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டனர். தனித்தனியே விசாரியாமல் ஒரே வாக்கெடுப்பில் சாவுத் தண்டனை! முறையன்று என்று மறுத்து நின்றார் சாக்ரடீஸ். கேட்பாரில்லை. கொல்லப்பட்ட அறுவருள் ஒருவன், மன்றாடிப் பெற்ற உரிமையால் குடிமகனான அந்தப் பெரிக்ளிசின் மகன்!

இரங்கலுரை பொய்யன்று. கோட்டைக்குள் இருந்தோர்க்கு அது முழு உண்மை. அதனாலேயே அது நம்மை ஏமாற்ற வல்லது. ஏழைக்கும் அரசியல் உரிமை என்று நடத்திக் காட்டிய ஏதென்சிடம் கற்போம். பிறப்பைத் தாழ்ப்பாளாக்கிய ஏதென்சை மறுப்போம். சமத்துவம் பேசும் எந்த ஏட்டைப் புரட்டினாலும், தோழர்களே, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வாயிலுக்கு வெளியே நிற்பவர் யார்?