தனி அடுப்பு: ‘நோமேட்லேண்ட்’ படத்தைக் காரைக்குடியிலிருந்து பார்த்தால்

என் வயது ஐடி ஆட்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் ரிட்டயர்மென்ட் பேச்சு வந்துவிடுகிறது. ஒரு வேன் வாங்கணும், உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, மேலே சோலார் பேனல், அப்புறம் ஊர் ஊரா போய்க்கிட்டே இருக்கணும். இந்தக் கனவுக்குச் சாட்சியாக யாராவது ஒருத்தர் ‘நோமேட்லேண்ட்’ படத்தைச் சொல்வார். எனக்கு அது அந்தக் கனவுக்குச் சாட்சி சொல்லும் படமாகத் தெரியவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் தகவல்கள். க்ளோயி ஜாவ் இயக்கியது. 2020-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம். 2021 ஏப்ரலில் சிறந்த படம், இயக்குநர், நடிகை என மூன்று ஆஸ்கர். ஜெசிகா புரூடர் 2017-ல் வெளியிட்ட அதே பெயருள்ள நூலிலிருந்து எடுத்தது. நூல் கதை அல்ல, கள ஆய்வு. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வீட்டு வாடகையோ கடன் தவணையோ கட்ட முடியாமல் வேனிலும் டிரெய்லரிலும் குடியேறிய வயதானவர்களோடு கூடவே அலைந்து எழுதியிருக்கிறார் புரூடர்.

படத்தின் நாயகி ஃபெர்ன் கற்பனை. அவள் ஊர் நிஜம். நெவாடா மாநிலத்தின் எம்பயர், ஜிப்சம் பலகை ஆலைக்காகவே இருந்த கம்பெனி ஊர். 2011-ல் ஆலையை மூடினார்கள், ஊரும் காலியானது, அஞ்சல் குறியீடுகூட ரத்தானது. கணவனும் இல்லை, ஊரும் இல்லை. ஃபெர்னாக ஃபிரான்சிஸ் மெக்டார்மண்ட் நடிக்க, லிண்டா மே, ஸ்வாங்கி, பாப் வெல்ஸ் போன்ற நிஜ நாடோடிகள் அவர்களாகவே வருகிறார்கள்.

படத்தின் பலம் இவர்கள்தான். லிண்டா மே ஒரு இடத்தில் தன் ஓய்வூதியக் கணக்கைச் சொல்கிறார். பன்னிரண்டு வயதிலிருந்து உழைத்து, இரண்டு பெண்களை வளர்த்து ஆளாக்கியவருக்கு மாதம் 550 டாலர். அந்த ஒரு எண் போதும், படத்தில் வரும் மற்ற எல்லாம் எதனால் என்று புரிந்துவிடும்.

ஆனால் படம் அந்த எண்ணோடு தங்குவதில்லை. நூலில் அமேசான் கிடங்கு வேலை உடம்பை முறிக்கும் வேலை. வயதானவர்கள் நாள் முழுக்கக் கான்கிரீட் தரையில் நடக்கிறார்கள். வலி மாத்திரை இலவசமாகத் தரும் இயந்திரங்கள் சுவரில் இருக்கின்றன. படத்தில் அதே கிடங்கு சுத்தமா, வெளிச்சமா இருக்கு. சாப்பாட்டு மேசையில் சிரிப்பு. அப்புறம் கேமரா பாலைவன அந்திக்குப் போய்விடுகிறது, பின்னணியில் பியானோ. யார் செலவில் இந்த வாழ்க்கை நடக்கிறது என்ற கேள்வி, இது எவ்வளவு தனிமை என்ற உணர்ச்சிக்குள் கரைந்துபோகிறது. பல விமர்சகர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதே குறைதான்.

நான் கூடுதலாகச் சொல்ல நினைப்பது படத்தின் இரண்டு வீட்டுக் காட்சிகள் பற்றி. வேன் பழுதாகி, ரிப்பேர் பணத்துக்காக ஃபெர்ன் தங்கை வீட்டுக்குப் போகிறாள். இங்கேயே இரு என்கிறாள் தங்கை. இன்னொன்று, சக நாடோடி டேவ் தன் மகன் வீட்டில் தங்கிவிட்டபிறகு வருவது. நீயும் வந்து இரு என்று அவன் கேட்கிறான். நல்ல மனிதர்கள், பேரக் குழந்தை, மெத்தை போட்ட விருந்தினர் அறை. அவளுக்கு அங்கே தூக்கம் வரவில்லை, எழுந்து போய் வேனில் படுக்கிறாள். விடியும் நேரம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள்.

இதைப் பெரும்பாலும் சுதந்திர வேட்கை என்றோ, மறக்க முடியாத துக்கம் என்றோதான் படிக்கிறார்கள். படமும் அப்படித்தான் படிக்கத் தூண்டுகிறது. எனக்கு அது இன்னும் எளிமையாகத் தெரிகிறது. இரண்டு வீட்டிலும் அவள் விருந்தாளி. வேனில் அவள் வீட்டுக்காரி. எப்ப சமைக்கணும், என்ன சமைக்கணும் என்று அவள் முடிவு செய்யக்கூடிய ஒரே இடம் அது.

இது அமெரிக்க விஷயம் மட்டும் இல்லை. மதுமிதா இயக்கிய ‘கே.டி.’ (2019) படத்தின் கருப்புதுரை, பிள்ளைகள் தனக்குத் தலைக்கூத்தல் பேசுவதைக் கேட்டுவிட்டு வீட்டைவிட்டு ஓடுகிறார். அங்கே ஆபத்து உயிருக்கே. இங்கே அவ்வளவு இல்லை. ஆனால் இரண்டு படத்திலும் முதியவருக்கு முன் இருப்பவை இரண்டே வழிகள்: அடுத்தவர் கை பார்த்து இருக்கும் வீடு, இல்லையென்றால் சாலை.

மூன்றாவது வழி ஒன்று எங்க ஊர்ப் பக்கம் இருந்தது. நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ என்பார்கள். பிரித்து அனுப்புவது அல்ல. அதே வீட்டில், வளவைச் சுற்றி அவர்களுக்கென்று அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. பெரியவர்கள் அடுப்பும் தனி. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில்கூட இந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். வெளியாட்களுக்கு இது சிக்கனமாக, கொஞ்சம் கல்மனசாகக்கூடத் தெரியலாம். ஆனால் வயதான ஒரு அம்மாவுக்கு இதன் பொருள் வேறு: கூப்பிடு தூரத்தில் பிள்ளைகள், ஆனால் ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்பது அவர் முடிவு. ஃபெர்னுக்குத் தங்கை கொடுத்தது அறை. அவளுக்குத் தேவைப்பட்டது அடுப்பு.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த வளவுகள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழிலில் வந்த பணத்தில் எழுந்தவை. எல்லாச் சாதிக்கும், எல்லா வீட்டுக்கும் கிடைத்த வசதி இல்லை. இருந்தவர்களுக்கும் இப்போது பெரிதாக மிச்சம் இல்லை. கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் போனால் தெரியும்: தெருவுக்குத் தெரு பூட்டிய வீடு, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். எங்காவது ஒரு பெரிய வீட்டில் ஒரே ஒரு ஆச்சி, ஒரே ஒரு அறையில். அந்த அறை ஃபெர்னின் வேனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எம்பயரில் வேலை போனதால் ஊர் காலியானது. இங்கே வேலை வேறு இடத்தில் இருப்பதால் காலியாகிறது.

வேன் கனவுக்கு வருவோம். அமெரிக்காவில் அரசின் பொது நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை காசில்லாமல் வண்டியை நிறுத்தித் தங்கலாம். படத்தின் அந்த அழகான அந்திகளுக்குப் பின்னால் இந்த விதி இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. நம்ம பழைய ஏற்பாடு வேறு: 1813-லிருந்து காசியில் இருக்கும் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம், பழநி பாதயாத்திரை வழியில் விடுதிகள். வயதானவர் கிளம்பினால் போகிற வழியில் கூரையும் சாப்பாடும் இருக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையையோ 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இபிஎஃப் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய். லிண்டா மேயின் 550 டாலரைப் பார்த்து உச்சுக் கொட்டிய நாம் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

படத்தைப் பாருங்கள், நல்ல படம்தான். மெக்டார்மண்ட் முகத்துக்காகவே பார்க்கலாம். ஆனால் பாலைவனக் காட்சிகளைவிட, அவள் விருந்தினர் அறையிலிருந்து எழுந்து வெளியே போகும் அந்த ராத்திரியைக் கவனியுங்கள். பார்த்து முடித்ததும், வேன் விலையைத் தேடுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: இந்த அடுப்படியில் எது உங்க இஷ்டப்படி நடக்குது?