நான்காம் எழுத்தைத் தேடிப் போனவர்

யூத மறைஞானத்தை வைத்து எழுதிய மர்மக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பழைய சுவடி, அதில் ஒரு குறி, அதைக் காக்க ஒரு ரகசியக் கூட்டம், நடுவே இரண்டு மூன்று கொலை. கடைசி அத்தியாயத்தில் சுவடியின் பொருள் விளங்கும். அர்ஜென்டினாவின் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1942இல் ‘சுர்’ இதழில் வெளியிட்ட ‘மரணமும் திசைகாட்டியும்’ என்ற சிறுகதையிலும் இவை எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவர் அவற்றைக் கொண்டு செய்திருக்கும் வேலை வேறு.

முடிவைத் தொடாமல் இந்தக் கதையின் நயத்தைச் சொல்ல முடியாது. அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். போர்ஹெஸே முதல் பத்தியில் போட்டு உடைத்துவிடுகிறார். துப்பறியும் எரிக் லோன்ரோட்டால் கடைசிக் கொலையைத் தடுக்க முடியவில்லை, ஆனால் முன்பே கணித்துவிட்டார் என்கிறார். ரெட் ஷார்லாக் என்ற தாதா லோன்ரோட்டைக் கொல்லச் சபதம் செய்திருந்தான் என்பதும் அதே பத்தியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்குத்தான் தோன்றுவதில்லை.

டிசம்பர் 3ஆம் தேதி இரவு, நகரின் வடக்கே ஒரு ஹோட்டல். யூதச் சமய நூலான தல்முத் பற்றிய மாநாட்டுக்கு வந்த யார்மொலின்ஸ்கி என்ற அறிஞர் குத்துப்பட்டுச் சாகிறார். எதிர் அறையில் தங்கியிருப்பவரிடம் உலகிலேயே சிறந்த நீலக் கற்கள் இருக்கின்றன. கமிஷனர் டிரெவிரானஸ் சட்டென்று சொல்கிறார்: கல்லைத் திருட வந்தவன் அறை மாறி நுழைந்துவிட்டான், அவ்வளவுதான். லோன்ரோட்டுக்கு இது பிடிக்கவில்லை. நடந்திருக்கலாம், ஆனால் சுவாரசியமாக இல்லை என்கிறார். செத்தவர் ரபி, காரணமும் ரபிகளின் உலகத்திலிருந்து வந்தால் நன்றாக இருக்கும்! தட்டச்சுப் பொறியில் ஒரு தாள் செருகியிருக்கிறது. திருநாமத்தின் முதல் எழுத்து உச்சரிக்கப்பட்டுவிட்டது என்று அதில் ஒரு வரி. லோன்ரோட் செத்தவரின் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

அந்தப் புத்தகப் பட்டியலில் சற்று நிற்க வேண்டும். எழுத்துக்களைக் கொண்டே கடவுள் உலகைப் படைத்ததாகச் சொல்லும் ‘செஃபெர் யெட்சிரா’, ஹசீதிய மரபைத் தொடங்கிய பால் ஷெம்மின் வாழ்க்கை வரலாறு, இவற்றோடு யூத மறைஞானமான கபாலாவுக்கு ஆதரவாக வாதாடும் நூல் ஒன்று. அந்தக் கடைசி நூலின் தலைப்பு, 1932இல் வந்த ‘விவாதம்’ தொகுப்பில் போர்ஹெஸே எழுதியிருக்கும் கட்டுரையின் தலைப்பு. தன் கட்டுரையைச் செத்தவரின் அலமாரியில் வைத்து, அதைப் படித்தே துப்பறிவாளர் வழிதவறும்படி செய்கிறார். தன்னையே கிண்டல் செய்துகொள்ள இதைவிட நாசூக்கான வழி ஏது?

பிறகு ஜனவரி 3, மேற்கே ஒரு பெயின்ட் கடை வாசலில் அசெவெதோ என்ற ரவுடி கொல்லப்படுகிறான். சுவரில் மஞ்சளும் சிவப்புமாகச் சாய்சதுரங்கள், அவற்றின் மேல் இரண்டாம் எழுத்து பற்றிய வரி. பிப்ரவரி 3, திருவிழா இரவில், கிழக்கே ஒருவனைக் கோமாளி வேடமிட்ட இருவர் கடத்துகிறார்கள். அவர்கள் உடுப்பிலும் சாய்சதுரங்கள். அங்கே விட்டுச்சென்ற லத்தீன் நூலில் ஒரு வாக்கியம் அடிக்கோடிடப்பட்டிருக்கிறது: யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. அப்படியானால் 3ஆம் தேதி இரவு என்பது 4ஆம் தேதி. இறைவனின் பெயருக்கும் யோத், ஹே, வாவ், ஹே என நான்கு எழுத்து. கொலைகள் இத்தோடு முடிந்தன, மூன்று இடங்களும் சமபக்க முக்கோணம் என்று கமிஷனருக்கு ஒரு கடிதம் வருகிறது. கீழே கையெழுத்து: பரூக் ஸ்பினோசா. வடிவியல் முறையில் தத்துவம் எழுதியவர், 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் விலக்கி வைத்தவர். முக்கோணத்தை நிரூபிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா! லோன்ரோட் கவராயத்தை எடுத்து, முக்கோணத்தைச் சாய்சதுரமாக்கும் தெற்குப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார். பாழடைந்த ஒரு மாளிகை அது. தனியாகப் போகிறார். ஷார்லாக் காத்திருக்கிறான்.

நடந்தது கமிஷனர் சொன்னதுதான். ஷார்லாக்கோடு சேர்ந்து கல்லைத் திருடத் திட்டமிட்டிருந்த அசெவெதோ குடிபோதையில் ஒருநாள் முந்தியே வந்து, அறை மாறி நுழைந்தான். தாளில் இருந்தது அறிஞர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் ஒரு வரி. மூன்றாவது கொலை நாடகமாக இருக்குமோ என்று கமிஷனர் கேட்டதும் சரி. கொலைக்கு விடை தேடி லோன்ரோட் கடவுளின் பெயர்களை ஆராய்கிறார் என்று பத்திரிகையில் வந்ததைப் படித்தே ஷார்லாக் வலை பின்னினான். மீனுக்குப் பிடித்த புழு எதுவென்று மீனே விளம்பரம் கொடுத்த மாதிரி.

நான் மிகவும் ரசிக்கும் நுணுக்கத்தைக் கதை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. திருநாமத்தின் இரண்டாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் ஒன்றே. முதல் சாவு தற்செயல், மூன்றாவது வேஷம். ஷார்லாக் உண்மையாகத் திட்டமிட்ட கொலைகள் இரண்டாவதும் நான்காவதும்தான்.

யூத மரபு இங்கே வெறும் மசாலா இல்லை. 1934இல் நாஜிச் சார்புப் பத்திரிகை ஒன்று போர்ஹெஸ் தன் யூத வேரை மறைக்கிறார் என்று ஏசியபோது, அப்படி ஒரு வேர் இருந்தால் மகிழ்ச்சியே என்ற தொனியில் அவர் பதில் எழுதினார். கபாலாவை அவர் கேலி செய்யவில்லை. அதை அவசரமாகப் படிப்பவரின் அகங்காரத்தைத்தான் கேலி செய்கிறார். இந்தக் கதை வந்து 46 ஆண்டு கழித்து உம்பர்த்தோ எகோ ‘ஃபூக்கோவின் ஊசல்’ நாவலைக் கபாலா சொல்லும் பத்து இறைவெளிப்பாடுகளான செஃபிராக்களின் பெயரில் பகுதி பிரித்து எழுதினார். அங்கேயும் ரகசிய ஆவணம் ஒரு வணிகரின் சரக்குப் பட்டியலாக இருக்கலாம் என்று லியா என்ற பாத்திரம் சொல்வாள். பெரிய நாவல்தான், ஆனால் இந்தச் சிறுகதை சொன்னதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை என்பது என் கட்சி.

சாகும் தறுவாயில் லோன்ரோட் எதிரியின் பொறியில் குறை காண்கிறார்: மூன்று கோடு அதிகமாம். அடுத்த பிறவியில் ஒரே நேர்க்கோட்டில் என்னைக் கொல். 8 கிலோமீட்டர், அதில் பாதி 4, அதிலும் பாதி 2 என்று புள்ளி வைக்கிறார். கிரேக்கத் தத்துவஞானி ஜீனோவின் பழைய புதிர் அது. ஷார்லாக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் சுடுகிறான்.

ஒருமுறை படித்தவர்கள் இரண்டாம் முறை கமிஷனர் பேசும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு படியுங்கள். வழக்கு எப்போதோ முடிந்திருக்கிறது.